திரும்பப் பெற்ற தீர்மானம்

மாண்புமிகு உறுப்பினர் அவர்களே,

இன்று விடியற்காலையில் நம் தொகுதிச் சந்தை முழுவதும் பிளீச்சிங் பவுடரின் நெடி. அமைச்சர் வருகிறார் என்று பொருள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கீரைக்கட்டுகளைப் பிரித்தபோது, நீங்கள் முதன்முதலாக இங்கே வந்த நாள் நினைவில் எழுந்தது.

அந்தத் தேர்தலில் உங்களை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று டெபாசிட்டை இழந்தவள் நான். வெற்றி மாலை வாடுவதற்குள் என் கடைமுன் வந்து நின்றீர்கள்.

"அக்கா, உங்க நோட்டீசைப் படிச்சேன். எங்க ஆளுங்க ஒருத்தனும் இப்படி எழுதல. எந்தப் பள்ளிக்கூடம்?"

"எந்தப் பள்ளிக்கும் நான் கடமைப்பட்டவள் அல்லேன். தமிழை நானே கற்றுக்கொண்டேன்" என்றேன்.

பக்கத்தில் மீன் விற்கும் குருசுக்குப்பத்து அஞ்சலை சிரித்தாள். "இன்னா சார், எங்கக்காகிட்ட பேசணும்னா டிக்சனரி எடுத்தாறணும்!"

அந்த நோட்டீசில் இருந்தது ஒரே கோரிக்கை: இச்சந்தைப் பெண்களுக்கு ஒரு கழிப்பிடம். இருட்டோடு வந்து பிற்பகல்வரை அமர்ந்திருக்கும் நாங்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதில்லை. தோற்றவளின் கோரிக்கையை வென்றவர் எடுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் பேரவையில் எழுப்பிய கேள்விகளில் பலவற்றுக்கு வாசகம் என்னுடையது. சாக்கடைக்காகவும் மூடிய ஆலைகளின் தொழிலாளர்களுக்காகவும் பேசினீர்கள். உங்கள் கட்சியே வெளிநடப்புச் செய்தபோதும் நீங்கள் இருக்கையைவிட்டு எழவில்லை. "எல்லாரும் வெளிய போயிட்டா உள்ள யாரு கேக்கறது?" என்றீர்கள்.

கழிப்பிடத்துக்கான தனிநபர் தீர்மானத்தை நீங்கள் முன்மொழிந்த நாளில், கஞ்சி போட்ட சேலையில் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தேன். என் வாக்கியங்களைப் பிசிறின்றி வாசித்தீர்கள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, "காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்காம உக்காந்திருக்காங்க, ஐயா" என்றீர்கள். அமைச்சர் எழுந்து, இவ்வாண்டே கட்டித் தருவதாக உறுதியளித்து, தீர்மானத்தைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொண்டார். அரசு வாக்குக் கொடுத்தால் உறுப்பினர் திரும்பப் பெறுவது அவை மரபு. நீங்கள் மாடத்தை நோக்கி நிமிர்ந்தீர்கள். வேண்டாம் என்று தலையசைத்தேன். "திரும்பப் பெறுகிறேன்" என்றீர்கள்.

"ஓட்டுக்கு விட்டிருந்தா தோத்திருக்கும்க்கா. சபையில சொன்ன வார்த்தை, எங்க போயிடும்?" என்று வாசலில் என்னைச் சமாதானப்படுத்தினீர்கள்.

சில மாதங்களில் ஆட்சி கவிழ்ந்தது. பேரவை கலைந்தது. அந்த வாக்கைக் கேட்க ஆளில்லை, கொடுத்தவரும் பதவியில் இல்லை. அடுத்த தேர்தலுக்கு நீங்கள் ஓட்டுக் கேட்டு வந்தபோது அஞ்சலை கத்தியை நிறுத்தாமலே கேட்டாள்: "வார்த்தை எங்க போச்சுன்றது இருக்கட்டும் சார், நான் எங்க போறது?" அத்தேர்தலில் தோற்றீர்கள். மறுபடி நிற்கவேயில்லை.

மருத்துவமனையில் உங்களைக் கடைசியாகப் பார்த்தேன். இதயம் தளர்ந்துவிட்டதால் தண்ணீரை அளந்தே தந்தார்கள். "ஒரு வாய் குடுக்கா" என்றீர்கள். செவிலியர் கூடாதென்று கையசைத்தார்.

"நாக்கு ஒட்டிக்குதுக்கா. அவங்க தெனம் இப்படித்தான உக்காந்திருக்காங்க. நான் ஒரு வார்த்தைய நம்பிட்டு சும்மா உக்காந்துட்டேன்."

பஞ்சை நனைத்து உங்கள் உதட்டில் ஒற்றினேன். மறுநாள் செய்தி வந்தது.

இன்று வந்த புதிய அமைச்சரிடம் அதே கோரிக்கையை எடுத்துரைத்தேன். "கண்டிப்பா பண்ணிடலாம்மா" என்றார். பெண்கள் கைதட்டினார்கள். "எழுத்தில் தாருங்கள்" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

அஞ்சலைக்குக் கோபம். "நீயும் ஒரு தட்டு தட்டினா இன்னா கொறஞ்சிடும்? செய்யறவனையும் செய்யவிடாம பண்ணிடுவ போல!"

அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் போனபிறகு எவர் வாக்குக்கும் என் கைகள் சேர மறுக்கின்றன. உங்களிடமிருந்து எனக்கு எஞ்சியது அதுதான்.

அவள் மீன்களின்மேல் தண்ணீர் தெளித்தாள். அவள் உதடுகள் வெடித்திருந்தன. கடை கட்டும் பிற்பகலுக்கு இன்னும் நேரமிருந்தது.