துவைக்கக் கூடாத சக்கரங்கள்

அனுப்புநர்:
ஊரார் ‘பளிச் மாமா’ என்று அழைக்கும் சலவைக் கடைக்காரர்,
கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நேர் எதிர்க் கடை.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: சுத்திகரிப்பு நிலையத்தின் பிளாஸ்டிக் சக்கரங்களைத் துவைக்க எனக்கு இட்ட உத்தரவை, உத்தரவு பெற்ற நானே எதிர்ப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஒவ்வொரு வகுப்பையும் இரண்டு முறை படித்ததால் பத்து என்றே கணக்கில் கொள்ள வேண்டுகிறேன். தொழிலில் என்னிடம் தோற்காத கறை இந்த ஊரில் இல்லை. மையும் கிரீஸும் என் குரலைக் கேட்டாலே துணியை விட்டு இறங்கிவிடும். அப்படிப்பட்ட நான் ஓர் அழுக்கைக் காப்பாற்ற மனு எழுதுகிறேன் என்றால் விஷயம் சாதாரணமல்ல.

2. வரும் திங்களன்று தாங்கள் நிலையத்தைப் பார்வையிட வருவதை அறிந்த சுகாதார மேற்பார்வையாளர், தொட்டியில் மிதக்கும் கட்டைவிரல் பருமனுள்ள பிளாஸ்டிக் சக்கரங்களை மூட்டை மூட்டையாக அள்ளி என் கடையில் இறக்கினார். “அண்ணே, எல்லாம் பழுப்பேறி வழவழன்னு கெடக்கு. பெரியவர் கண்ணுல பட்டா மானம் போயிடும், வெளுத்துக் குடுங்க” என்றார். நானும் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தேன்.

3. அந்த நேரம் பார்த்து, நிலையத்தின் பொறியாளரும் என் அக்கா மகளுமான பெண், சேற்று பூட்ஸோடு சாலையைத் தாண்டி ஓடிவந்து வாளியை உதைத்துக் கவிழ்த்தாள். “கைய வைக்காதீங்க மாமா! அது அழுக்கில்ல, அதுங்கதான் என் வேலையாளுங்க. ஒரு தடவ வெளுத்தா மறுபடி வளர மாசக்கணக்காகும்!” என் வாளியை உதைக்கும் துணிவு அவள் அம்மாவுக்கே கிடையாது.

4. அவள் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். ஊரார் வெளியேற்றும் நீரில் நைட்ரஜன், அம்மோனியா வடிவில் இருக்கிறது. அப்படியே ஏரிக்குப் போனால் பாசி கொழுக்கும், மீன் மூச்சு முட்டிச் சாகும். சக்கரங்களில் ஒட்டியிருக்கும் வழவழப்பு முழுவதும் உயிருள்ள கிருமிகள். காற்று ஊதும் தொட்டியில் உள்ளவை அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும். காற்றில்லாத தொட்டியில் உள்ளவை அந்த நைட்ரேட்டை உடைத்து, நைட்ரஜனைக் குமிழி குமிழியாக வானத்துக்கே அனுப்பிவைக்கும். சம்பளம் கேட்பதில்லை, விடுப்பு கேட்பதில்லை.

5. உடனே மூட்டைகளை ஈரப் போர்வையில் சுற்றி, தள்ளுவண்டியில் நானே தள்ளிப் போய்த் தொட்டியில் சேர்த்தேன். லாரிகளெல்லாம் வரிசையாக நின்று வழிவிட்டன. வெற்றி, ஐயா! நேற்று வந்த பரிசோதனை முடிவில் நைட்ரஜன் வரம்புக்கு வெகு கீழே நிற்கிறது. ஏரியில் பச்சைப் படலமே இல்லை, அடிமணல் தெரிகிறது. மீன்கள் துள்ளி எழுந்து என் கடையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் விழுகின்றன. மூளை அக்கா மகளுடையது, வண்டி என்னுடையது. பெருமையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

6. மேற்பார்வையாளர் மட்டும் அசையவில்லை. அவள் எழுதிக் கொடுத்த விளக்கம் அவர் மேஜையில் தூங்குகிறது. எனக்கு வேலை தெரியாது என்று சொல்லி (எனக்கா!), அடுத்த தெருச் சலவைக்காரருக்கு அதே வேலையைத் தந்துவிட்டார். ஞாயிறு மாலை அள்ளப்போகிறார்களாம். தடுத்தால் அக்கா மகளின் வேலைக்கே ஆபத்து. தடுக்காவிட்டால் ஏரிக்கு ஆபத்து. அந்தச் சலவைக்காரருக்கு ஒரு காலரைக்கூட ஒழுங்காக வெளுக்க வராது. ஆனால் பிளீச்சிங் பவுடர் கொட்டுவதில் அவர் வள்ளல். ஒரு கிருமியும் தப்பாது.

ஆகவே ஞாயிறுக்குள் அந்த உத்தரவை ரத்து செய்து, திங்களன்று சக்கரங்களை அழுக்காகவே பார்வையிட வேண்டுகிறேன். தாங்களே தொட்டியில் கைவிட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு கையைவிட்டு ஓடினால் ஊர் பிழைத்தது என்று பொருள். சட்டைக் கையில் கறை பட்டால் கவலை வேண்டாம். எதிரே நான் இருக்கிறேன். அதை மட்டும் வெளுத்துத் தருகிறேன்.

நாள்: வெள்ளிக்கிழமை, கடை திறக்குமுன்
இடம்: இஸ்திரி மேஜை

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பளிச் மாமா