தேர் திருப்பும் குரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

அடைக்கல மாதா தயவில் சிங்கப்பூரில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நான் பாடம் நடத்தும் பாலர் பள்ளியில் பிள்ளைகள் பொத்தானை அழுத்தி ஒரு குட்டி ரோபோவை ஓட்டுகிறார்கள். நேற்று தலைமையாசிரியை பார்க்க வந்த நேரம், மூலையில் அதைத் திருப்பியவர்கள் முன்னே போகும் பொத்தானை மறந்து, திருப்பும் பொத்தானையே அழுத்தினார்கள். அது நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. எனக்கு வேலை நிலைக்குமா என்றாகிவிட்டது.

அப்போதுதான் ஏலாக்குறிச்சித் தேருக்குத் தெருமுனையில் நீங்கள் கொடுக்கும் குரல் நினைவுக்கு வந்தது: “நில்லுங்கப்பா! திருப்புங்க! ம்... இப்ப இழுங்க!” நாற்காலியில் கயிறு கட்டி, பிள்ளைகளை அப்படியே சொல்லி இழுக்கவைத்தேன். பிறகு ரோபோவும் மூலை திரும்பிப் போனது. தலைமையாசிரியை கைதட்டினார். அது உங்களுக்குச் சேர வேண்டியது அப்பா.

இந்த வருடத் தேரில் உங்கள் குரலைப் போனில் பதிந்து அனுப்ப அம்மாவிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன். முடிவில் என் பெயரையும் ஒருமுறை கூப்பிடுங்கள்.

மணி அடித்துவிட்டது.

உங்கள் ஷைனி