ஆரு சொல்லி வந்தீங்க?

அப்பா,

இன்று காலை கிளினிக்கில் ஒருவர் என் மேஜைமேல் ஒரு பாலிபேக்கை வைத்தார். பனியனை மடித்துப் போட்டு ஒட்டுகிற அதே பை. உள்ளே அவர் மகளின் மார்க் ஷீட்டுகள். பிரித்ததும் புது பிளாஸ்டிக்கும் புதுத் துணியும் கலந்த வாடை குப்பென்று வந்தது. எனக்கு எரிச்சலும் வந்தது. அந்த மனிதர்மேல் இல்லை, உங்கள்மேல்.

"மெடிக்கல் காலேஜுக்கு அப்ளிகேசன் போடறமுங்க. பாப்பாவப் பத்தி நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதுமுங்க" என்றார்.

"பாப்பாவ நான் பாத்ததே இல்லீங்களே."

"அதனால என்னங்க, நீங்க பெரிய டாக்டருங்க."

நீங்கள் போய்ச் சேர்ந்தும் உங்கள் வாரிசுகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம் நேர்காணல் வைத்து ஆள் எடுக்கிற அந்த மருத்துவக் கல்லூரி கேட்டது இரண்டே சிபாரிசுக் கடிதங்கள். மாணவியை நேரடியாக அறிந்தவர்கள் எழுத வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருந்தது. அதைத் தமிழில் உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். உயிரியல் டீச்சர் ஒன்று, கெமிஸ்ட்ரி டீச்சர் ஒன்று என்று முடிவும் செய்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"டீச்சர் சொல்லி எவன் கண்ணு சீட்டுக் குடுப்பான்?"

பொங்கலூர்த் தோட்டத்தை விட்டுவிட்டுத் திருப்பூர் வந்து, தகரக் கொட்டகைக்குள் தையல் மெஷின்களைப் போட்டு உட்கார்ந்தவர் நீங்கள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்க வேலை கேட்டுப் போனாலும், கொட்டகைக்குக் கரண்ட் கேட்டுப் போனாலும் இந்த ஊர் முதலில் கேட்பது ஒன்றுதான். ஆரு சொல்லி வந்தீங்க? பதில் இருந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் வாசல். அப்படியே பழகிப்போன உங்களுக்கு மருத்துவக் கல்லூரியும் இன்னொரு கம்பெனி வாசலாகத்தான் தெரிந்தது. எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் மட்டும் கோபம் போய்விடுமா?

மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினீர்கள். எக்ஸ்போர்ட் முதலாளி, அரிசி ஆலைக்காரர், சாயப்பட்டறைக்காரர், எப்போதோ சேர்மனாக இருந்த ஒருவர். அவர்களில் ஒருவருக்காவது என் பெயர் தெரியுமா? அரிசி ஆலைக்காரர் கடிதத்தில் நான் ஆம்பிளைப் பையனாகவே இருந்தேன். முதலாளிக்கு எழுத நேரமில்லையாம், தன் மெர்ச்சண்டைசரிடம் சொல்லிவிட்டார். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் அடித்தே பழகிய அந்த மனிதர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷை அப்படியே இறக்கிவிட்டார். இவருடைய தரத்துக்கு நாங்கள் பொறுப்பு, சொன்ன தேதிக்குள் முடித்துக் கொடுப்பார், குறை ஏதும் இருந்தால் உடனே எங்களுக்குத் தெரிவிக்கவும்.

இதைக் கொண்டுபோனால் மானம் போய்விடும் என்று கத்தினேன். நீங்கள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"கம்பெனி லெட்டர்பேடு கண்ணு. சீலப் பாரு, எத்தன எடுப்பா இருக்குது."

மழையில் நனைந்துவிடுமாம். ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு பாலிபேக்கில் போட்டு ஒட்டினீர்கள். என் டீச்சர்கள் எழுதிய இரண்டும் கட்டுக்கு அடியில் போயின.

நேர்காணல் அறையில் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு டாக்டரம்மா. ஒவ்வொரு பையாக அவர் பிரிக்கப் பிரிக்க அந்த ஒட்டு பர்ரென்று சத்தம் போட்டது. முதலாளி கடிதத்தை வாய்விட்டே படித்தார். மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"இதுல உன்னைத் தெரிஞ்சவங்க யாரும்மா?"

"அடியில இருக்கற ரெண்டு பேரு மட்டுந்தாங்க மேடம். மத்தவங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க."

"அப்பாவுக்கு உன்னைத் தெரியுமா?"

வெளியே பெஞ்சில் இருந்த உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அவர். என் மார்க்கைச் சொல்வீர்கள், அட, ராத்திரி பகலாகப் படிக்கிறாள் என்றாவது சொல்வீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ரத்தம் பாத்தா மயக்கம் போட்டுருவாளுங்க" என்றீர்கள்.

எந்த அப்பனாவது இப்படிச் செய்வானா? அவ்வளவுதான், சீட்டு போயிற்று என்று நின்றேன். நீங்கள் நிறுத்தினால்தானே.

"எங்க கட்டிங் மாஸ்டருக்குக் கையில கத்தி பட்டுருச்சுங்க. இவ பாத்துட்டு பொத்துன்னு உழுந்துட்டா. வெட்டுப்பட்ட மனுசனே கையில துணியச் சுத்திக்கிட்டுப் போயி இவளுக்குச் சோடா வாங்கிட்டு வந்தாருங்க."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஆனா அடுத்த நாள்லருந்து அவருக்குக் கட்டு மாத்துனது இவதானுங்க. மூஞ்சிய அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டு, அழுதுக்கிட்டே மாத்துவா. புண்ணு ஆறற வரைக்கும் ஒரு நாள் உடலீங்க. வேண்டாஞ்சாமின்னா என்றமேல எரிஞ்சு உழுவா. கோவக்காரிங்க."

டாக்டரம்மா பைகளையெல்லாம் அடுக்கி என் பக்கம் தள்ளினார். "இதெல்லாம் எடுத்துட்டுப் போம்மா. அப்பா சொன்னது போதும்."

சீட்டு கிடைத்தது. நீங்கள் என்ன செய்தீர்கள்? பழத்தட்டும் பூவுமாக மறுபடி மொபெட்டில் கிளம்பிவிட்டீர்கள். ஒவ்வொரு வாசலிலும், "உங்க லெட்டர்லதானுங்க பாப்பாவுக்குச் சீட்டு" என்று கும்பிடு. அந்தம்மா சொன்னதை நீங்களும் கேட்டீர்கள்தானே என்று வீட்டில் சண்டை பிடித்தேன்.

"அது மருவாதைக்குச் சொல்லியிருப்பாங்க கண்ணு. என்ற பேச்சுக்கு ஆரு சீட்டுக் குடுப்பா?"

இதைச் சொல்லும்போது உங்களுக்கு வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. படித்த ஐந்து வருடமும் ஒவ்வொரு லீவிலும் அவர்கள் வீடுகளுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினீர்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று முதலாளி மாலையோடு வந்தார். பக்கத்தில் நின்றவரிடம், "நம்ம லெட்டர்லதானுங்க இந்தப் பாப்பா டாக்டராச்சு" என்றார். அழுதுகொண்டிருந்தவளுக்கு அழுகை நின்று ஆத்திரம் பொங்கியது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். எழுந்திருக்க முடிந்திருந்தால் நீங்கள் ஆமாங்க என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

இன்று வந்தவரிடம் பாலிபேக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பெண்ணை அனுப்புங்கள், கொஞ்ச நாள் என்னோடு இங்கே இருக்கட்டும், பிறகு எழுதுகிறேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கதவுவரை போனவர் திரும்பி, "அவ கொஞ்சம் வாயாடிங்க டாக்டர். பரவால்லீங்களா?" என்றார். அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை.

அவர் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. போன இடத்திலும் நீங்கள் உள்ளே போகாமல், தெரிந்த பெரிய மனுஷர் யாராவது வருகிறாரா என்று பார்த்துக்கொண்டு வாசலிலேயே நிற்பீர்கள். செய்யக்கூடிய ஆள்தான். அதனால் இதை எழுதித் தருகிறேன்.

இவரை எனக்குப் பிறந்ததிலிருந்து நேரடியாகத் தெரியும். பிடிவாதக்காரர். வாசித்துக் காட்டினாலும் கேட்க மாட்டார். ஊரில் உள்ளவர் பேச்சுக்கெல்லாம் மதிப்புண்டு என்பார், தன் பேச்சைத் தவிர.

ஆரு சொல்லி வந்தீங்க என்று அங்கே கேட்டால், என்ற புள்ள சொல்லி வந்தேன் என்று சொல்லுங்கள். நாற்காலி போட்டால் உட்காருங்கள் அப்பா.