குளக்கரை மஞ்சள் நீர்

காருத், மழைக்காலம்

அன்பு மகள் திதினுக்கு ஸலாம். நானும் அம்மாவும் இறையருளால் நலம். சப்போரோ குளிரில் நீயும் குட்டி சல்வாவும் சுகமாயிருக்கத் துஆ செய்கிறோம். எழுத எழுத எனக்குச் சிதறிவிடும், ஆகவே எண்ணிட்டுக்கொள்கிறேன்: 1. அண்ணன் செய்த வாசனை ஏன் நாறுகிறது. 2. மிஞ்சிய கசடு. 3. பெருநாளுக்கு ஊர் வரும்போது வேண்டுமென்று நீ கேட்ட நம் குளத்துக் குராமி மீனை உண்ணலாம் என்பது.

உன் அண்ணன் யாயன் பின்கட்டில் வாசனைப்புல் எண்ணெயிலிருந்து சோப்புக்கு மணம் செய்கிறான். வந்ததோ கிடா நாற்றம். அம்மா முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு, இதைத் தேய்த்துக் குளித்தால் ஆடுதான்டா உன்னைத் தேடி வரும் என்றாள். எண்ணெயிலுள்ள ஆல்கஹாலின் ஆக்சிஜனில் அவன் சேர்க்கும் ஆரஞ்சு நிறக் குரோமியம் ஒட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் கழலும். அந்தப் பிணைப்பின் எலக்ட்ரான்கள் குரோமியத்துக்குப் போய்ச் சேரும். கிடைக்கும் ஆல்டிஹைடுதான் நல்ல மணம். ஈரமிருந்தால் அது தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும், குரோமியம் மறுபடி பிடிக்கும், கிடா நாற்றமடிக்கும் அமிலமாகிவிடும். இவனோ தொழுகைக்குக் கைகால் கழுவுவது போல ஒவ்வொரு குடுவையையும் ஓடுநீரில் அலசி, அது சுத்தம் என்று நம்பி, ஈரத்தோடே ஊற்றியிருக்கிறான்.

கசடு கரும்பழுப்புத் தார். விரலில் பட்டால் போவதில்லை. அதைச் சுரண்டி நம் மீன்குளத்தில் கழுவுகிறான்!  இது விஷமில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஆரஞ்சு போச்சு, விஷமும் போச்சு அபா, மீன் வாலாட்டுது பாருங்க, அதுக்கு உங்களைவிட வேதியியல் தெரியும் என்று சிரித்தான். காலமெல்லாம் அதைப் பாடம் நடத்தியவன் நான், வீட்டுக்குள் வந்துவிட்டேன். வேலை முடிந்து, ஆரஞ்சு போய்ப் பச்சை நிறமான குரோமியத்தில் நஞ்சு வெகு குறைவு என்பது சரிதானே, நன்றாகப் பொரித்தால் போதும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மூன்றாவதை எழுதினேன்.

சல்வாவுக்குக் காதை மூடித் தொப்பி போடு. இறைவன் உங்களை நோயின்றிக் காக்கட்டும்.

உறையை ஒட்டுமுன் மனம் கேட்கவில்லை. குளக்கரையில் தேங்கிய மஞ்சள் நீரை வெறும் சேற்று நிறம் என்றிருந்தான் யாயன்; அதில் கொஞ்சம் எடுத்து, பேட்டரி அமிலமும் ஸ்பிரிட்டும் விட்டுச் சூடாக்கினேன். பச்சையாக மாறியது. அப்படியென்றால் அதில் இருப்பது வேலை முடியாத நச்சுக் குரோமியம், அதன் பசி இன்னும் அடங்கவில்லை. அது நம் குளத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. யாயனிடம் இப்போதே சொல்லப் போகிறேன். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு, மகளே. அந்த மீனைக் குழந்தைக்குக் கொடுக்காதே.

உன் அபா,
எங்கோஸ் கர்தீவா