நாலரைச் சுற்று

மார்ச் 3

இன்று வாசலில் இருந்தவர்கள்: நான், பெரியவன், அவன் பெண்டாட்டி, சின்னவன், ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்திருந்த பேத்தி, அப்புறம் அவசரம். அவசரம் என்பது மெக்கானிக்குக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கூப்பிட்டால் மூன்றாம் நாள் வருகிறவனுக்கு ஊர் வைத்தது. யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைக்கிறேன். நாளைக்கு எவரும் மாற்றிப் பேசக் கூடாது.

விஷயம் ஜீப். கலவை மெஷினை அதன் பின்னால் மாட்டி, மேட்டுப்பாதையில் வீடு கட்டுகிற இடங்களுக்கு இழுத்துப்போய் வாடகைக்கு விடுவதுதான் எங்கள் பிழைப்பு. பெரியவனுக்கு ஒரு கண் மங்கல். அதனால் ஜீப்பை ஓட்டுவது மருமகள். பெரியவன் பின்னாலேயே நடந்து வருவான், நின்றால் சக்கரத்துக்குக் கட்டை வைக்க. போன மாசம் சின்னவன் ஆசைப்பட்டுப் பெரிய டயர் மாட்டினான். பார்க்க யானைக்குட்டி மாதிரி இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து மேட்டில் ஏற முக்குகிறது, கிளட்ச் தீய்ந்த வாசனை வருகிறது.

டயர் பெரிசானால் அச்சுக்குள் இருக்கிற கிரௌன் பினியன் என்கிற பல்சக்கர ஜோடியையும் மாற்ற வேண்டுமாம். அவசரம் சொன்னது: "இப்ப இருக்கறது மூணே முக்கால்மா. ஷாஃப்ட் மூணே முக்கால் சுத்து சுத்தினா வீல் ஒரு சுத்து சுத்தும். நாலரை போட்டா இழுவை வரும். வேகம் கொஞ்சம் குறையும்."

எண் கூடினால் வேகம் குறையுமாம். இது எந்த ஊர் நியாயம்?

சின்னவன் நாலே போதும் என்றான், தார் ரோட்டில் பறக்கலாம் என்று. அஞ்சும் கிடைக்கும் என்றான் அவசரம். மருமகள்தான் முடிவாகச் சொன்னாள். நாலு போட்டால் இந்த டயருக்குப் பழைய இழுவைதான் திரும்பும், மெஷினுக்கு அது போதாது. அஞ்சு போட்டால் இறங்கி வரும்போது இன்ஜின் கத்தும், டீசல் குடிக்கும், பினியனும் சின்னதாகிப் பல் கனம் தாங்காது. நாலரைதான் சரி. சொல்லிவிட்டு அவசரத்தைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். இரண்டு தலையும் ஒரே நேரத்தில் ஆடியது. முன்கூட்டியே பேசி வைக்காமல் அப்படி ஆடுமா?

முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் மாற்ற வேண்டுமாம். பின்னால் மட்டும் போதாதா, வேலையை இரட்டிப்பாக்குகிறாயா என்று கேட்டேன்.

"சேத்துல மாட்டினா முன்வீலையும் சேர்த்து ஓட்டணும்மா. ரெண்டும் ஒரே எண்ணா இல்லேன்னா ஒண்ணு ஒரு வேகத்துல இழுக்கும், இன்னொண்ணு இன்னொரு வேகத்துல இழுக்கும். மாமியாரும் மருமகளும் ஒரு குடத்தைத் தூக்கின மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது மருமகள். எழுதிவிட்டேன்.

மார்ச் 4

அவர் வாங்கிய ஜீப். அவர் இருந்தவரை அச்சைத் திறந்ததே இல்லை. திறந்தால் நல்லதை எடுத்துக்கொண்டு நொள்ளையை வைத்து மூடுவார்கள். கழற்றுகிற பழைய சாமான் எல்லாம் என் கட்டிலுக்கு அடியில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவசரம் உடனே தலையாட்டினான். உடனே தலையாட்டுகிறவனை எப்படி நம்புவது?

மார்ச் 9

சின்னவன் டவுனுக்குப் போய் நாலரை கிரௌன் பினியன் இரண்டு ஜோடி வாங்கி வந்தான். பல் எல்லாம் புதுசு மாதிரி மின்னுகிறது. பிள்ளை கை பட்டது அல்லவா.

மார்ச் 11

பின் அச்சை அவசரம் வாசலிலேயே பிரித்தான். நான் நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. மருமகளும் கூடவே மண்ணில் படுத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். ஒரு வீட்டுப் பெண் செய்கிற வேலையா இது?

அந்த எண்ணெய் நாற்றம் இருக்கிறதே — அழுகின முட்டையைக் கரியில் புரட்டிய மாதிரி. சாயங்காலம் அவள் கையால் தட்டு வைத்தபோது குமட்டியது. அவசரத்தின் சட்டையிலும் இதே நாற்றம். இரண்டு பேரிடமும் ஒரே நாற்றம். எனக்குத் தோன்றியதை எழுதினால் பாவம். எழுதாமல் விடுகிறேன், ஆனால் மறக்க மாட்டேன்.

பழைய கிரௌன் பினியன் கோணியில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் வந்துவிட்டது. கனம் கனமென்று இருக்கிறது.

மார்ச் 12

அவசரத்துக்கு வேறு வேலையாம், முன் அச்சுக்கு அடுத்த வாரம் வருகிறானாம். இழுத்தடிக்கிறான். சின்னவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முன்பக்கத்தை நான் பாத்துக்கறேம்மா. என் கூட்டாளி ஷெட்ல எல்லாச் சாமானும் இருக்கு" என்றான். ஒரு வருஷம் வேலை கற்றவன்தானே.

அவசரம் முகத்தைச் சுளித்தான். இடைவெளி ஒரு மயிரிழை தப்பினாலும் பல் தின்றுவிடும் என்றான். உனக்கு வேலை போச்சே என்றுதானே எரிகிறது என்றேன். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மார்ச் 13

சின்னவன் காலையில் ஜீப்பை எடுத்துப் போனான், மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துக் கொண்டுவந்துவிட்டான். அவசரத்துக்கு ஒரு நாள் முழுக்க ஆன வேலை! இவன் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில்கூடக் கறை இல்லை, வாசனை இல்லை. சட்டை மடிப்புக் கலையவில்லை. என் பிள்ளை சேற்றில் இறங்கினாலும் அழுக்கு ஒட்டாது. மருமகளைக் கூப்பிட்டு அந்தக் கையைக் காட்டினேன். வேலை செய்கிறவன் கை இப்படி இருக்கும் என்றேன்.

அவள் பார்த்தாள். "ஆமாத்தை" என்றாள். அந்த ஆமாவில் ஏதோ இருந்தது.

முன்பக்கத்துப் பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். ஷெட்டிலேயே கிடக்கிறதாம், அப்புறம் கொண்டுவருகிறானாம். சரி.

மார்ச் 16

மெஷின் மேட்டில் ஏறிவிட்டது. முதல் தடவையிலேயே. காய்ந்த பாதை, பின்வீல் மட்டுமே போதுமாக இருந்ததாம். பெரியவன் சிரித்துக்கொண்டு வந்தான். வெகுநாள் ஆயிற்று அவன் சிரித்து.

மார்ச் 21

மழை.

மார்ச் 22

வந்தபடி எழுதுகிறேன்.

மழையில் பாதை சேறு. பாதி மேட்டில் பின்வீல் நின்ற இடத்திலேயே சுற்றியதும் மருமகள் முன்வீலையும் சேர்த்திருக்கிறாள். வண்டி உதறியதாம். ஸ்டியரிங் கையை முறுக்கியதாம். சேறு தாண்டிப் பாறைத்தரையில் ஏறியதும் அடியில் ஒரு வெடி. அதோடு இழுவை போய்விட்டது. பிரேக்கை மிதித்தும் மெஷினின் கனம் ஜீப்பைப் பின்னால் இழுத்திருக்கிறது. பின்னால் யார்? என் பெரியவன். கையில் கட்டையோடு, அந்த ஒற்றைக் கண்ணோடு.

அவள் ஸ்டியரிங்கை ஒடித்து மெஷினை மண்சுவரில் முட்ட விட்டிருக்கிறாள். நின்றது. பெரியவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அவ்வளவுதானா — இன்னும் ஒரு முழம் வந்திருந்தால் —

யார் செய்தது இதை? அவசரமா? அவளா? ரெண்டு பேரும் சேர்ந்தா? என்னத்தக் கழட்டினாங்க, என்னத்த வச்சாங்க, நான் எதிர்ல உக்காந்துதானே இருந்தேன்?

மார்ச் 23

ஜீப்பை வாசலுக்கு இழுத்து வந்து போட்டார்கள். உடைந்தது நடுவில் இருக்கிற பெட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுப்பது. அவசரம் கூப்பிட்ட அன்றைக்கே வந்தான். அதுவே எனக்குச் சந்தேகம். வாசலில் வைத்துக் கேட்டேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. மருமகளையும் சேர்த்துத்தான். பெரியவன் போதும்மா, போதும்மா என்றான்.

அவசரம் ஷாஃப்டுகளைக் கழற்றிவிட்டு நாலு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினான். பேத்தியிடம் சாக்பீஸ் வாங்கிப் பின் அச்சின் மூக்கில், ஷாஃப்ட் மாட்டுகிற இடத்தில், ஒரு கோடு போட்டான், டயரில் ஒரு கோடு போட்டான்.

"நாங்க எண்ண மாட்டோம்மா. நீங்களே எண்ணுங்க."

ஒரு பக்கச் சக்கரத்தை அவனும் மறுபக்கச் சக்கரத்தை மருமகளும் பிடித்துச் சேர்ந்தாற்போல் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். நான் குனிந்து கோட்டைப் பார்த்தேன். நாலு முழுசு, ஒரு அரை. முன்பக்கம் போனோம். அதே மாதிரி ஒரு சுற்று.

மூணு. அப்புறம் முக்கால்.

திரும்பச் சுற்றச் சொன்னேன். திரும்பவும் மூணே முக்கால். இன்னொரு தடவை சொன்னேன். மருமகள் மறுபேச்சு இல்லாமல் சுற்றினாள். முன் அச்சை யாரும் திறக்கவே இல்லை. பழைய கிரௌன் அப்படியே உள்ளே இருக்கிறது. முன்னுக்கு ஒரு எண், பின்னுக்கு ஒரு எண், அந்த இழுபறியில்தான் நடுப்பெட்டி வெடித்திருக்கிறது.

அவளுக்கு அன்றைக்கே தெரியுமா? கேட்டேன். "சந்தேகந்தான் அத்தை. தம்பிகிட்டக் கேட்டேன். அம்மா மேல சத்தியமா மாத்திட்டேன்னுச்சு. அதுக்கு மேல நான் எப்படி கேக்கறது?"

என் மேல். என் தலைமேல அடிச்சு சொல்லியிருக்கான்.

நாற்றம் வராத கை. நான்தானே கூப்பிட்டுக் காட்டினேன், பாரு பாருன்னு.

மார்ச் 24

சின்னவன் ஒத்துக்கொண்டான். புது ஜோடியைக் கூட்டாளியின் வண்டிக்குக் கொடுத்துவிட்டானாம். "முன்வீலை வருஷத்துல ரெண்டு தடவைதானேம்மா போடறோம்" என்றான். தலை குனிந்து சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

மார்ச் 30

அவசரம் நாலரை ஜோடி தேடிக் கொண்டுவந்து முன் அச்சில் மாட்டினான். நடுப்பெட்டியும் ஆயிற்று. நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம், எண்ணிப் பார்த்துத்தான் விட்டேன். நாலரை. கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் தூக்க மருமகள் ஒருத்தியால் முடியவில்லை. ஒரு பக்கம் நான் பிடித்தேன். சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினேன். நாற்றம் போகவில்லை.

"ரெண்டு நாள் இருக்கும் அத்தை" என்றாள் மருமகள். அவள் வைத்த தட்டில், என் கையும் சேர்ந்து நாற, சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

மெஷின் மேலே போய்ச் சேர்ந்தது. சேற்றில் முன்வீலைப் போட்டாள், பூனை நடக்கிற மாதிரி ஏறியது. பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன். பெரியவன் பின்னால் நடந்து வந்தான். வழி முழுக்கக் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே போனேன். ஓட்டிக்கொண்டே அவளும் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால் சின்னவன் காலில் விழுந்தான். பெரியவன் விடும்மா என்கிறான். மருமகளும் அதையே சொல்கிறாள். அவனுக்குத் தட்டில் சாப்பாடு வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். என் கல்யாணத்தன்று எனக்கு நிறம் போதாது என்று பந்தியில் வைத்துச் சொன்ன நாத்தனாரை விட்டுவிடலாம். அவர் செத்த வீட்டில் எனக்கு முன்னால் சிரித்துப் பேசிய கொழுந்தனையும் விட்டுவிடலாம். குடத்தை வைத்துக் கேலி பண்ணிய அவசரத்தை, முதலில் சிரித்த மருமகளை, எல்லோரையும் விட்டாயிற்று. ஒருத்தனைத் தவிர.

சின்னவன்.