அறுநூறு போல்ட்டுகளின் மரை

அக்காவின் பேரன் என் மேசையில் ஒரு வாசனை ரப்பரை விட்டுப் போயிருக்கிறான். உறையில் ஸ்ட்ராபெரி என்று போட்டிருக்கிறது. முகர்ந்தால் எனக்குக் கம்ப்யூட்டர் வாசனைதான் வருகிறது. காரணம் நீ.

மயிலாப்பூரில் ஜோசியர் வீட்டு மாடியில் நம் அலுவலகம். பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்து வரும் நீ சீக்கிரம் வந்துவிடுவாய். இரண்டு தெரு தள்ளியிருந்த நான் தாமதமாக வருவேன். தி.நகர் மளிகைக்காரர் ஒருவருக்காக, சாம்பார்ப் பொடியைப் பொட்டலம் கட்டும் இயந்திரத்தைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் கண் முன்னால் அது திரையில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் கம்ப்யூட்டரை விற்றுவிடுவதாகவும், நாம் இருவரும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் முதலாளி அன்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டரில் வடிவமைப்புக் கோப்பைத் திறக்கவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தோம். பாதி திறந்திருந்தது. நீ பெரிதாக்கிப் பார்த்தாய்.

“இன்னாடி இது? அறுநூறு போல்ட்டுக்கும் மரை வெட்டி வெச்சிகீற?”

“நிஜத்துல இருக்கே.” நட்டு ஏறும் அந்த வரிகளுக்கு நான் மூன்று வாரம் செலவழித்திருந்தேன்.

“நிஜத்துல தூக்கறது இரும்பு. இங்க தூக்கறது இந்த டப்பா. கடலுக்குப் போறவன் வூட்டையும் படகுல ஏத்திக்கினா போவான்?”

மதியத்துக்குள் அறுநூறும் மொழுமொழுவென்ற கம்பிகளாயின. கியர் பெட்டியைத் தனிக் கோப்புக்கு அனுப்பிவிட்டு, அதன் இடத்தில் வெறும் பெட்டி ஒன்றை வைத்தாய். அப்போதும் திரை திணறியது.

“ஆபீஸ்லயே மெமரி ஜாஸ்தியா எதுல கீது?”

முதலாளியின் கம்ப்யூட்டரில். அவர் அதில் சீட்டு மட்டும் ஆடுவார். மளிகைக்காரரை அழைத்துவர அவர் கிளம்பியதும் நான் வாசலில் காவல் நின்றேன். நீ நான்கு மெமரி பட்டைகளில் இரண்டைக் கழற்றி வந்து நம் கம்ப்யூட்டரில் பொருத்தினாய். திரை கறுப்பாகவே இருந்தது. மணி இரண்டே முக்கால். என் பென்சில் டப்பாவிலிருந்த வாசனை ரப்பரால் பட்டைகளின் விளிம்பை அழுக்குப் போகத் தேய்த்து, ஊதி, மறுபடி பொருத்தினாய். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் கோப்பு திறந்துவிட்டது. சுழன்றது. கையைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் குதித்தோம். கீழ்வீட்டு ஜோசியர் என்னவென்று பார்க்க மேலே வந்துவிட்டார்.

மளிகைக்காரர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “சுத்துது, சரி. உள்ள பல்சக்கரம் எப்படி ஓடுதுன்னு காட்டுங்கம்மா.”

பெட்டிக்குள் காற்றுதான் இருந்தது. நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

“அது தனியா கீது ஐயா. கூப்ட்டா வரும்.”

வந்தது. பல் பல்லாகச் சுழன்றது. “இப்படித் தனியாப் பாத்தாத்தான் புரியுது” என்று சொல்லி அங்கேயே சம்மதித்தார். சற்று நேரத்தில் முதலாளி அறையிலிருந்து குரல் வந்தது: “சீட்டே நகர மாட்டேங்குதே?”

“வயசாயிடுச்சு சார்” என்றாய். கம்ப்யூட்டரைத்தான் சொன்னாய் என்று நம்புகிறேன்.

நீ போய்விட்ட செய்தி வந்த நாளிலிருந்து இத்தனை வருட நினைவுகளும் ஒரேயடியாகத் திறக்கப் பார்க்கின்றன. நான் உறைந்துபோய் நின்றுவிடுகிறேன். அதனால் நீ காட்டித் தந்தபடி செய்கிறேன்: ஒரு நேரத்துக்கு ஒன்று. இன்று அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் எடுத்தேன். நன்றாகச் சுழல்கிறது. கோபித்துக்கொள்ளாதே, இதில் மட்டும் மரை எதையும் நான் எடுக்கவில்லை.