வாசல் கதவில் உன் குரல்

கிழக்கேகோட்டை,
திருவனந்தபுரம்.

சிரஞ்சீவி ஆனந்தகிருஷ்ணனுக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நீ போனில் கத்திவிட்டு வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஸ்நேகா இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள்.

அப்பாவுக்கு ஜுரம் விடவில்லை. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, இந்த வயதில் கஷ்டம்தான் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரி வேண்டாமென்று பிடிவாதம். கஞ்சிகூட இறங்கவில்லை.

மறதியில் அவர் தெருவில் இறங்கிவிடக் கூடாதென்று, டொரண்டோவில் உட்கார்ந்தபடி நம் வாசல் கதவுக்குக் கரண்ட் பூட்டு போடவைத்து, அதை உன் கம்ப்யூட்டரோடு இணைத்தாய். நல்ல எண்ணம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கதவு அசைந்தால் அங்கே உனக்குத் தெரியும். இங்கே, அப்பா உள்ளே போங்கோ என்று நீ பதிந்துவைத்த குரல் கேட்கும்.

ஐப்பசி மழையோடு வரும் துலாமாச இடி உனக்குத் தெரியாததா? முதல் இடி கேட்டதும் டிவி, ஃப்ரிட்ஜ் என்று எல்லா பிளக்கையும் பிடுங்குவோம். சின்ன வயதில் நீயே ஓடி ஓடிப் பிடுங்குவாய். அப்பா வெளியே போன அன்றைக்கு நெட் பெட்டியையும் பூட்டின் வயரையும் சேர்த்துப் பிடுங்கினேன். கரண்ட் போனால் அந்தப் பூட்டு தானே திறந்துகொள்ளும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? திட்டு, பரவாயில்லை. ஆனால் மீதியையும் கேள்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில், சிதறுதேங்காய்க்கு நடுவே வெறுங்காலோடு நின்ற அப்பாவை ஆட்டோக்காரன் ஷிஜு கூட்டிவந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கையில் உன் பழைய குடை, மடக்கினபடியே. விரிக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்றாராம். மகன் தினமும் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று பேசுவான், இன்றைக்குச் சத்தமே இல்லை, மழையில் எங்கே நிற்கிறானோ, குடை அவனுக்கு என்றாராம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவர் கதவைப் பிடித்து ஆட்டியது வெளியே போக அல்ல, உன்னை உள்ளே கூப்பிட.

நேற்று பிளக்கை மறுபடி செருகினேன். நீ அங்கிருந்தே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாய். பால்காரர் கதவைத் தட்டினார், உன் குரல் வந்தது. தலைதூக்க முடியாத மனுஷன் எழுந்து, இரண்டடி வைத்து விழுந்தார். பெரிய அடி இல்லை. குழந்தை மாதிரி அழுதார். என்னாலும் தாங்க முடியவில்லை.

பூட்டு இருக்கட்டும். அந்தக் குரலை மட்டும் எடுத்துவிடப்பா. இல்லையென்றால் நீயே வந்து கதவைத் தட்டு. பத்மநாபசுவாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். குடையைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார், யாரையும் தொட விடுவதில்லை. நீ வரும்போது வெயில் கொளுத்தினாலும், அப்பா நீட்டினால் அதை வாங்கிக்கொள்.

அம்மா,
சூடாமணி